சிவப்புப் பையைத் தூக்குபவரின் பக்கத்திலிருந்து: டர்பன் மருத்துவமனை ஒன்றின் கழிவகற்றும் சேவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவே உள்ள ஒரு மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவின் செவிலியராக இருக்கிறேன். எங்கள் அபாயக் கழிவுகளை எடுத்துச் சென்று, கிருமி நீக்கி, மிச்சத்தைக் குப்பைமேட்டில் சேர்க்கும் பொறுப்பு 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு தனியார் நிறுவனத்திடம் உள்ளது. ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கிளினிக் நடத்தும் தமிழ் மருத்துவர்கள், முதியோர் இல்லம் நடத்துவோர் எனப் பலர் இதே வகைச் சேவைக்குப் பணம் கட்டுகிறார்கள். கையெழுத்திடுமுன் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

முந்தைய ஒப்பந்தக்காரரின் காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஒரு விடியற்காலையில், இரவுப் பணி முடியும் நேரத்தில், அறுவைச் சிகிச்சைப் பிரிவின் துப்புரவுப் பணியாளர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய ஜூலுப் பெண்மணி, பாரம் தாங்காமல், தொற்றுக் கழிவுக்கான சிவப்புப் பையைத் தொடையோடு அணைத்துத் தூக்கி வந்தார். வராந்தாவின் பாதியில் நின்றுவிட்டார். "சிஸ்டர், ஏதோ குத்திவிட்டது" என்றார். அந்தப் பைக்குள் பஞ்சும் கட்டுத்துணியும் மட்டுமே இருந்திருக்க வேண்டும். யாரோ அவசரத்தில் ஊசியையும் போட்டிருந்தார்கள். எந்த நோயாளியின் ஊசி என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தொற்றுள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற 30 விழுக்காடும், ஹெபடைடிஸ் சி தொற்ற 1.8 விழுக்காடும், எச்.ஐ.வி. தொற்ற 0.3 விழுக்காடும் வாய்ப்பு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்.ஐ.வி. இவ்வளவு பரவியிருக்கும் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வாழும் ஒரு பெண்ணிடம் 0.3 என்பது சிறிய எண் என்று சொல்லி ஆறுதல்படுத்த முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அன்று காலையிலேயே தொடங்கினோம். குமட்டலோடும் தலைச்சுற்றலோடும் அவர் தினமும் வேலைக்கு வந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, தொற்று இல்லை என்ற முடிவு வந்த அன்று, என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். அன்றிலிருந்து எந்தக் கழிவகற்றும் சேவையையும் அவர் நின்ற அந்த வராந்தாவிலிருந்தே பார்க்கிறேன். கழிவை அழித்ததற்கான சான்றிதழ் ஒழுங்காக வருகிறதா என்ற கேள்வி எனக்கு அதற்குப் பிறகுதான்.

புதிய நிறுவனம் கொண்டுவந்தவற்றில் மிகச் சிறந்தது ஊசிப்பெட்டி. முன்பு இருந்தவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் மஞ்சள் நெகிழிப் பெட்டிகள். வாய் அகலமானது, நிறைந்த பிறகும் ஒரு விரலால் அழுத்தி இன்னும் இரண்டு ஊசியை உள்ளே தள்ளிவிடலாம். அப்படித் தள்ளும்போதுதான் பல செவிலியர்களுக்குக் குத்தியிருக்கிறது. இப்போது வந்திருப்பது கழுவி மறுபடி பயன்படுத்தும் கெட்டியான பெட்டி. இதன் வாயில் ஒரு சாயும் தட்டு இருக்கிறது. ஊசியை அதன்மேல் வைத்தால் தட்டு தானாகச் சாய்ந்து உள்ளே கொட்டுகிறது, கை உள்ளே நுழையவே வழியில்லை. முக்கால் பங்கு நிறைந்ததும் தட்டு சாய மறுக்கிறது. "முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்" என்று சுவரில் இருபது ஆண்டுகளாக ஒட்டிவைத்தும் நடக்காததை அந்தத் தட்டு முதல் வாரத்திலேயே நடத்திக் காட்டியது. மூடியை ஒருமுறை பூட்டினால் எங்கள் பக்கத்தில் யாராலும் திறக்க முடியாது. படுக்கைக்குப் பக்கத்திலேயே சுவரில் பொருத்தும் தாங்கியும் கொடுத்தார்கள். ஊசி போட்ட இடத்துக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ஒவ்வொரு அடியும் ஆபத்து என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ஊசியைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவைக் கடக்கும் பழக்கம் அந்தத் தாங்கிகளால் எங்கள் பிரிவுகளில் நின்றுபோனது.

குறையும் உண்டு. கழுவித் திரும்பி வந்த பெட்டிகளில் இரண்டு முறை, தாங்கியில் மாட்டும் பின்பக்கப் பள்ளத்தில் காய்ந்த கறை இருந்ததை நானே பார்த்தேன். புகைப்படம் எடுத்து அனுப்பியதும் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விளக்கமும் எழுத்தில் வந்தது. ஆனாலும் மறுபயன்பாட்டுப் பெட்டிக்கு ஒப்புக்கொள்பவர்கள், வரும் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணங்களைப் பற்றி, தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வரும் செவிலியர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மதுரையில் படித்து, திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். முதல் மாதத்தில் நானே தடுமாறியிருக்கிறேன். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் உறுப்புகளும் மஞ்சள் பைக்குப் போகின்றன. சிவப்பு, நெகிழிக் குழாய்களுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சுகளுக்கும் உரியது. ஊசிகளுக்கு வெள்ளைப் பெட்டி. தென்னாப்பிரிக்காவில் சான்ஸ் 10248 என்னும் தரநிர்ணயப்படி தொற்றுக் கழிவுக்குச் சிவப்பு, ஊசி போன்ற கூர்மையானவற்றுக்கு மஞ்சள், காலாவதியான மருந்துக்கும் வேதிப்பொருளுக்கும் கரும்பச்சை. ஊரில் பழகிய கை இங்கே மஞ்சளைக் கண்டதும் பஞ்சைப் போட்டுவிடும். நிறுவனத்தின் பயிற்சியாளர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான பயிற்சியில் இதைத் தனியாகச் சேர்த்தார்கள். சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே அவர்களை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன்.

பயிற்சியை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தாமல் ஜூலு மொழியிலும் நடத்தினார்கள். பெரிய திரையோ அரங்கமோ கிடையாது. காலைப் பணி மாறும் நேரத்தில் பிரிவுக்கே வந்து, உண்மையான பையையும் பெட்டியையும் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, கழுத்தைப் பிடித்தே தூக்க வேண்டும், உடம்பிலிருந்து விலக்கியே பிடிக்க வேண்டும், அடியில் கைகொடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தபோது, ஊசி குத்திய அந்தப் பெண்மணி முன்வரிசையில் நின்று மற்றவர்களுக்குச் செய்துகாட்டினார். இரவுப் பணியாளர்களுக்கு இப்படியொரு பயிற்சி முதல் ஆண்டு முழுவதும் நடக்கவேயில்லை. தவறான பையில் தவறான பொருள் பெரும்பாலும் இரவில்தான் விழுகிறது. அந்த நேரத்தில் ஆளும் குறைவு, அவசரமும் அதிகம். கேட்டுக் கேட்டு இரண்டாம் ஆண்டில்தான் வந்தார்கள்.

கட்டண முறைதான் எனக்கு உடன்பாடில்லாத பகுதி. சிவப்புப் பை விரித்த 142 லிட்டர் அட்டைப்பெட்டிதான் இங்கே பெரும்பாலான மருத்துவமனைகளின் அளவுகோல். எங்கள் ஒப்பந்தத்தில் எடைக்குக் கட்டணம் கிடையாது, பெட்டிக்குக் கட்டணம். நிர்வாகம் செலவைக் குறைக்கச் சொன்னதும் பிரிவுகளில் என்ன நடந்தது என்பதை யாரும் ஊகிக்கலாம்: பெட்டிகளைக் காலால் மிதித்துத் திணித்தார்கள். அட்டைப்பெட்டியின் அடிப்பகுதி ஈரத்தில் ஊறி விரிந்தது. ஒருவர் தூக்க வேண்டியதை இருவர் தூக்கினார்கள். சுமை மறுபடியும் அந்தத் தொடையின்மீதே சாய்ந்தது. எடைக்குக் கட்டணம் வைத்தாலும் சிக்கல் இல்லாமல் போகாது. ஆனால் அப்போது செலவைக் குறைக்க ஒரே வழி, சிவப்புப் பைக்குள் போகக் கூடாததைப் போடாமல் இருப்பது. நமக்கு வேண்டியதும் அதுதான். மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவு என்றும், 15 விழுக்காடுதான் தொற்றோ நச்சோ கதிரியக்கமோ உள்ளது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. எங்கள் மகப்பேற்றுப் பிரிவின் சிவப்புப் பெட்டியில் ரொட்டிப் பொட்டலமும் செய்தித்தாளும் கைதுடைக்கும் காகிதமும் கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ரொட்டி உறையையும் லாரியில் ஏற்றி, வேகவைத்து, அரைத்து, அதற்கு மருத்துவமனை பணம் கட்டுகிறது. நீங்கள் புதிதாக ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் எடைக் கணக்கைக் கேளுங்கள். பிரிவுவாரியாக எடைபோட்டு மாதந்தோறும் தரச் சொல்லுங்கள்.

உடல் உறுப்புகளுக்கும் நஞ்சுக்கொடிக்கும் மூடி பூட்டிக்கொள்ளும் வாளிகள் தருகிறார்கள். இங்கே அவற்றை ஸ்பெசிகேன் என்று அழைக்கிறோம். அவை உறைபெட்டியில் இருக்க வேண்டும். வாளிகளின் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை, ஒன்றுகூட ஒழுகியதில்லை. இதில் எனக்கு மனநிறைவு தந்த ஒரு சிறு விஷயம் உண்டு. ஜூலு மக்களில் பலர் குழந்தையின் தொப்புள்கொடியைக் குடும்பத்தின் பூர்விக நிலத்தில் புதைப்பார்கள். அந்த இடத்தோடு அந்தப் பிள்ளைக்கு உறவு என்றும் அறுவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊர்களிலும் தொப்புள்கொடியைப் புதைத்த மண் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதல்லவா? முன்பு, குடும்பத்தார் கேட்டாலும் "கழிவு விதி அனுமதிக்காது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிய நிறுவனத்தின் மேற்பார்வையாளர் எங்களோடு உட்கார்ந்து ஒரு படிவத்தைத் தயாரித்தார்: தாயின் எழுத்துமூல விருப்பம், கசியாத உறை, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து. இப்போது மறுப்பதில்லை.

கரும்பச்சைப் பெட்டிக்கு வருவோம். இந்தச் சேவையின் மோசமான பகுதி இதுதான். காலாவதியான மாத்திரைகள், பாதி மீந்த ஊசிமருந்துக் குப்பிகள், புற்றுநோய் மருந்து ஏற்றிய குழாய்கள் ஆகியவை இதில் போக வேண்டும். தொற்றுக் கழிவை வேகவைக்கும் நீராவி புற்றுநோய் மருந்தின் நச்சுத்தன்மையை அழிக்காது. அது தகுந்த உயர்வெப்ப எரிசூளைக்குத்தான் போக வேண்டும். ஆனால் கரும்பச்சைப் பெட்டிகள் எங்களுக்குத் தொடர்ந்து பற்றாக்குறையாகவே வருகின்றன. பெட்டி இல்லாத நாளில் மருந்துக்குப்பி எங்கே போகிறது? சிவப்புப் பெட்டிக்கு, அல்லது இதைவிடத் தீங்காக, கைகழுவும் தொட்டிக்கு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் அது கழிவுநீரில் கலந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரத் துணைசெய்கிறது. இதை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் சொல்கிறேன். வழங்கல் தாமதம் என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு மாதமும் வருகிறது. வேறு எந்தக் குறையையும் சில வாரங்களில் சரிசெய்யும் நிறுவனம் இதில் மட்டும் இத்தனை மெத்தனமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காகிதப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பட்டைக்குறி (பார்கோடு) உண்டு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அழித்த பின்னும் பதிவாகிறது, கடைசியில் அழிப்புச் சான்றிதழ் வருகிறது. இது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009இல் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வெல்கம் நகரில், செங்கல் சூளை ஒன்றின் நிலத்தில் டன் கணக்கில் மருத்துவக் கழிவு புதைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தபோது, அந்தக் கழிவை அனுப்பிய மருத்துவமனைகள் முறையாக அழிக்கப்பட்டதென்றே எண்ணியிருந்தன. 2008ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், கழிவை உண்டாக்கியவரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்கிறது. ஆகவே லாரி வாசலைத் தாண்டியதும் நம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களுடைய ஆலைக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் போனபோது மறைக்காமல் காட்டினார்கள்.

அந்த ஆலையில் தொற்றுக் கழிவை எரிப்பதில்லை. ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வேகவைத்து, அரைத்து, உருத்தெரியாமல் ஆக்கிக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறார்கள். குறைந்தது 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்பது அடிப்படை அளவு. ஆனால் மானியில் காட்டும் வெப்பம் பெட்டியின் நடுப்பகுதிக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகளைக் கழிவின் நடுவே வைத்து, பிறகு அவை செத்தனவா என்று வளர்த்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அந்த வித்துச் சோதனையின் முடிவேட்டைக் கேட்டோம்; வாரவாரியாக எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்கள். எரிசூளையைவிட இந்த முறையை நான் விரும்புகிறேன். வெப்பம் குறைந்த எரிசூளையில் நெகிழி எரியும்போது டையாக்சின், ஃபியூரான் என்னும் நச்சுகள் உண்டாகின்றன. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குறைக்கச் சொல்லும் நச்சுகளில் இவையும் அடங்கும். 850 முதல் 1100 டிகிரி வரை வெப்பமும் புகை வடிகட்டும் கருவியும் உள்ள சூளைகளே ஏற்கத்தக்கவை.

மிச்சம் எந்தக் குப்பைமேட்டுக்குப் போகிறது என்றும் கேட்டேன். அதைக் கேட்காமல் வர என்னால் முடியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்தியர்கள் வாழ்ந்த கிளேர் எஸ்டேட் பகுதியில் 1980இல் பிசாசர் ரோடு குப்பைமேட்டைத் திறந்தார்கள். எதிர்வீட்டில் வாழ்ந்த சாஜிதா கான் அதை மூடச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடி, புற்றுநோயோடும் போராடி, 2007இல் இறந்தார். டர்பனில் குப்பை யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்ற கேள்விக்கு இப்படியொரு வரலாறு இருக்கிறது. நிறுவனம் எங்களுக்குக் குப்பைமேட்டின் பெயரையும் அனுமதிப் பத்திரத்தின் நகலையும் தந்தது. கேட்டால்தான் தருகிறார்கள், கேட்காமலேயே தர வேண்டும்.

நேரம் தவறாமையில், வழக்கமான நாட்களில், நல்ல மதிப்பெண் தருவேன். லாரி வராத நாட்கள் இந்நகரத்தின் துயரமான நாட்களாகவே இருந்தன. 2021 ஜூலைக் கலவரத்தில் நெடுஞ்சாலைகளில் லாரிகள் எரிக்கப்பட்டபோது யாரும் வந்திருக்க முடியாது. 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகளும் பாலங்களும் போயின, நம்மவர்கள் பலர் வாழும் டோங்காட்டில் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெப்பமான ஊர்களில் தொற்றுக் கழிவைக் கோடையில் 24 மணி நேரத்துக்கும், குளிர்ந்த மாதங்களில் 48 மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்காமல் வைக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெள்ளத்தின்போது நான்கு நாள் வண்டி வரவில்லை. சேமிப்பறை நிறைந்து, பெட்டிகளைப் பின்வாசலில் அடுக்கி, காவலாளி ஒருவரை நிறுத்தினோம். அதற்காக நிறுவனத்தைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய கழுவும் நிலையத்திலும் தண்ணீர் இல்லாததால், நான்காம் நாள் வந்த ஓட்டுநர் ஒருமுறை பயன்படுத்தும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவழியாக வந்து சேர்ந்தார். ஆனால் பேரிடர் நாட்களுக்கான திட்டம் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் தவறில் எங்கள் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. பிறகு இரவலாகக் குளிர்பெட்டகம் ஒன்று தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று நிர்வாகம் என்னிடம் கேட்டபோது, துப்புரவுப் பணியாளர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். தொடையில் ஊசி குத்திய அந்தப் பெண்மணி ஊசிப்பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். அட்டைப்பெட்டிக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த தொட்டி வேண்டும், தூக்குவதற்குப் பதில் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார். நான் எழுதிய எட்டுப் பக்க அறிக்கையில் அந்தக் கோரிக்கை இல்லை. முதல் பக்கத்தில் சேர்த்து மறுபடி தட்டச்சு செய்தேன். இரண்டு பிரிவுகளுக்குத் தொட்டிகள் வந்துவிட்டன. கரும்பச்சைப் பெட்டிகள் இந்த வாரமும் வரவில்லை.